கடலோரத்தில் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டம்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், கடலும் பக்கத்திலேயே இருக்கிறது, அப்படியிருந்தும் புதுச்சேரியைச் சுற்றி ஏன் ஒரு திராட்சைத் தோட்டம்கூட நிலைக்கவில்லை என்று நிலம் வைத்திருப்பவர்கள் பலர் கேட்பதுண்டு. உலகின் பெயர்பெற்ற ஒயின் தோட்டங்கள் பல கடலோரத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி எழுகிறது. ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியாவின் அட்லாண்டிக் கரையில் உள்ள ரியாஸ் பைஷாஸ் அப்படிப்பட்ட ஒரு வட்டாரம். அல்பரீனோ என்னும் வெள்ளைத் திராட்சையை அங்கே தலைமுறை தலைமுறையாகத் துண்டு துண்டான சிறு நிலங்களில் குடும்பங்களே வளர்த்து, பறித்து, பலர் தாங்களே ஒயினாக்கி விற்கிறார்கள். அந்தத் தோட்டங்களிலிருந்து நம் கடலூர், பாகூர், பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. அவர்களுடைய திராட்சை ரகமோ, ஒயினோ இங்கே வராது. ஈரக் காற்றுக்கு நடுவில் கொடியைக் காயவைத்துக் காக்கும் அவர்களுடைய முறை வரும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றியதே.

முதலில் நம் கடலைப் புரிந்துகொள்ள வேண்டும்

கடல் பக்கத்தில் இருப்பதனாலேயே ஓர் ஊர் குளிர்ந்துவிடாது. கலிபோர்னியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் மேற்குக் கரைகள் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அவற்றை ஒட்டி ஓடும் கலிபோர்னியா, ஹம்போல்ட், பெங்குவேலா நீரோட்டங்களும், ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரும்தான். கலீசியாக் கரையிலும் கோடையில் அடிநீர் மேலெழுகிறது. நம் வங்கக் கடலின் மேற்பரப்பு நீரோ கோடையில் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஆகவே பிற்பகலில் நமக்கு வீசும் கடற்காற்று உச்சி வெயிலைச் சற்றே தணித்தாலும், இரவைக் குளிர்விப்பதில்லை. ஈரத்தைத்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

எவ்வளவு வேறுபாடு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த அமரின், விங்க்லர் இருவரும் 1944இல் ஒரு வெப்ப அளவுமுறையை வெளியிட்டார்கள். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையிலான 214 நாட்களில், ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்தும் 10 பாகையைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை ஏறத்தாழ 1,390க்குக் கீழே இருந்தால் அது மிகக் குளிர்ந்த முதல் வகுப்பு. 2,220ஐத் தாண்டினால் மிக வெப்பமான ஐந்தாம் வகுப்பு. நம் பக்கத்தில் அந்த மாதங்களின் சராசரியை 29 பாகை என்று குறைத்தே எடுத்துக்கொண்டாலும் 19ஐ 214ஆல் பெருக்க 4,066 வருகிறது. அளவுகோலின் உச்ச வகுப்பைக் காட்டிலும் நாம் வெகுதொலைவு மேலே நிற்கிறோம்.

இந்த வெப்பம் பழத்துக்குள் என்ன செய்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பழம் முதிரும்போது சர்க்கரை ஏறுகிறது, புளிப்புத் தரும் மாலிக் அமிலம் எரிந்து குறைகிறது. இரவு குளிர்ந்தால் அமிலம் மெதுவாகக் குறையும்; இரவும் வெப்பமாக இருந்தால் வேகமாகக் கரைந்துவிடும். 35 பாகைக்கு மேல் கருந்திராட்சையின் தோலில் நிறமும் சரியாக ஏறாது. அல்பரீனோ, பினோ நுவார் போன்ற குளிர்நாட்டு ரகங்களை வாங்கிவந்து இங்கே நடுவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்கும் வேலை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

நிலமும் நீரும்

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டராவது உள்ளே தள்ளிய, நீர் தேங்காத நிலமே வேண்டும். உப்புக் காற்று நேரே அடிக்கும் இடத்தில் இலை ஓரங்கள் கருகும். பாகூர்ப் பக்கத்து நெல் வயல்களின் கனத்த களிமண் திராட்சை வேருக்கு ஆகாது. பண்ருட்டி, வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்கள் எவ்வளவோ மேல். முந்திரியும் பலாவும் தழைக்கும் மண்ணில் வேருக்குக் காற்றோட்டம் இருக்கும்.

நடவுக்கு முன் மண்ணையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையமும், கடலூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன். வேர் மண்டலத்தில் அது மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டும்போதே திராட்சையின் விளைச்சல் குறையத் தொடங்கும். பாசன நீரில் 1.0ஐத் தாண்டாதிருப்பது நல்லது. கரையோரத்தில் நிலத்தடி நீரை அதிகம் இறைக்கும் கிராமங்களில் கடல்நீர் உட்புகுவதால், தை மாதத்தில் நன்றாக இருந்த கிணற்று நீர் வைகாசியில் உப்பேறியிருக்கக் கூடும். ஆகவே ஒரு முறை கோடையின் உச்சத்தில் நீரைப் பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அந்தச் சோதனையில் நீர் தோற்றால் திராட்சையை விட்டுவிடுவதே நல்லது.

ரகம், வேர்ச்செடி

நம் நிலைமைக்கு முதல் தேர்வு பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் விளையும் இந்த ரகத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழம் எளிதில் வெடிக்காது, மணம் உண்டு, உள்ளூரில் எல்லோருக்கும் பழக்கமான சுவை. ஆனால் துரு நோயும், இலையின் அடியில் வெண்பூசணமாகப் படரும் அடிச்சாம்பல் நோயும் தாக்கும். இரண்டாவது தேர்வு பெங்களூர் நீலம். துருவையும் பறவைக்கண் நோயையும் தாங்கும், சாறு எடுக்க ஏற்றது, அடிச்சாம்பலை மட்டும் தாங்காது. அனாப்-இ-ஷாஹி அடிச்சாம்பலுக்கு மிக எளிதில் இரையாவதால் கடலோரத்துக்கு வேண்டாம். தாம்ஸன் சீட்லெஸ் பழக்கமில்லாத கைக்கு வசப்படாது.

கம்பத்தில் பெரும்பாலும் வேர்விட்ட குச்சிகளையே நேரடியாக நடுகிறார்கள். நம் பக்கத்தில் உப்புக் கவலை இருப்பதால், உப்பையும் வறட்சியையும் நூற்புழுவையும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகள் கிடைத்தால் அவற்றையே வாங்கலாம். டாக்ரிட்ஜ் கொடியை மிக வேகமாக வளர்க்கும் இயல்புடையது. இலை அடர்ந்துபோகாமல் கவனிக்கும் வேலை அதனால் கூடும். கன்று வாங்கும் முன் தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை கேட்பது பயனுள்ளது.

பந்தல்

ரியாஸ் பைஷாஸில் நாம் பார்த்துக் கற்க வேண்டியது இதுதான். ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களில் கொடி வேலி போல நின்ற வரிசையில் வளரும். கலீசியாவிலோ பழைய தோட்டங்களில் கருங்கல் கால்களை நட்டு, ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு மேல் கம்பி இழுத்து, கொடியைப் பந்தலில் படர விடுகிறார்கள். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. தரையின் ஈரத்திலிருந்து குலைகள் விலகியிருக்கவும், கடற்காற்று கீழே புகுந்து வெளியேறி இலையையும் குலையையும் உலர்த்தவும் அந்த உயரம் உதவுகிறது. முன்பு பந்தலின் கீழ் உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட்டு, ஒரே துண்டு நிலத்தில் குடும்பம் இரண்டு விளைச்சல் எடுத்தது. கம்பத்திலும் பன்னீர் திராட்சை பந்தலில்தான் ஏறுகிறது. தொலைதூர வட்டாரங்கள் இரண்டு, ஒன்றையொன்று அறியாமலே, ஒரே விடையை வந்தடைந்திருக்கின்றன.

பந்தலின் உயரம் ஆறரை முதல் ஏழு அடி வரை இருக்கட்டும். வீட்டுப் பெண்களும் முதியவர்களும் ஏணி இல்லாமல் குலையைத் தொட முடிய வேண்டும், காற்றும் தடையில்லாமல் ஓட வேண்டும். விழுப்புரம் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து கருங்கல் கால்களை வாங்கி, இரண்டடிக்குக் குறையாமல் புதைத்து, சுற்றுக் கால்களை வெளிப்புறமாகச் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் தரையில் புதைத்த கல்லோடு இழுகம்பி கட்ட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டியின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது. இழுகம்பியில் செய்யும் சிக்கனம் ஒரே இரவில் முழுப் பந்தலையும் தரையில் கிடத்திவிடும். சவுக்குக் கழி, மூங்கில் கால் ஆகியவை சில ஆண்டுகளில் அடிப்பக்கம் இற்றுவிடும். தொடக்கச் செலவு கூடுதலானாலும் கல்லே நிற்கும்.

பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி பன்னீர் திராட்சைக்கு இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். 20 செண்ட் என்பது ஏறத்தாழ 810 சதுர மீட்டர். அதில் 135 கொடிகள் வரும். நம் ஈரத்துக்கு 3க்கு 3 என்று தளர்த்தி, 90 கொடிகளோடு நிறுத்திக்கொள்வது மேல் என்பது என் கருத்து. எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொரு கொடிக்கும் வெயிலும் காற்றும் கிடைக்கும். ஒரு குடும்பம் கூலியாள் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் அளவும் அதுவே.

நடவும் கொடி ஏற்றமும்

மாநிலத்தின் பிற பகுதிகளில் ஆனி, ஆடியில் நடுவது வழக்கம். இங்கே அப்போது நட்டால் இளங்கன்று வடகிழக்குப் பருவமழையை நேரே சந்திக்கும். பொங்கல் முடிந்து, மழை நின்று, நிலம் உழக்கூடிய பதத்துக்கு வந்ததும் நட்டு, சொட்டுநீர் கொடுத்து வளர்த்தால், ஐப்பசி மழைக்கு முன் தண்டு முற்றிப் பந்தலைத் தொட்டிருக்கும்.

குழியில் மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். கன்று துளிர்த்ததும் வலுவான ஒரே துளிரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, குச்சியில் கட்டி நேராக மேலே கொண்டுபோக வேண்டும். பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் இரு பக்கமும் கிளை பிரியும். அவை கொடியின் நிரந்தரக் கைகள். கைகளிலிருந்து சீரான இடைவெளியில் பக்கக் கிளைகளை வளரவிட்டு, பந்தல் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். சாம்பல்சத்தை மியூரியேட் (பொட்டாசியம் குளோரைடு) வடிவில் போடாமல் சல்பேட் வடிவில் போடுவது நல்லது. ஏற்கெனவே குளோரைடு மிகுந்த நீரைப் பாய்ச்சும் நிலத்தில் மேலும் குளோரைடைச் சேர்க்கக் கூடாது.

கவாத்து: கொடியின் நாட்காட்டி

குளிர்நாட்டில் இந்தத் தீர்மானத்தைப் பருவமே எடுத்துவிடும். கலீசியாவில் கார்த்திகையில் இலை உதிர்ந்து கொடி உறங்கும்; குளிர்காலத்தில் கவாத்து; வசந்தத்தில் துளிர்; செப்டம்பர் வாக்கில் அறுவடை. நம் ஊரில் கொடி உறங்குவதே இல்லை. என்றைக்கு நாம் வெட்டுகிறோமோ அன்றைக்கு அதற்கு ஆண்டு பிறக்கிறது. மழையும் பழமும் ஒன்றையொன்று சந்திக்காதபடி அந்த நாளைத் தேர்ந்தெடுப்பதே நம் கையில் உள்ள பெரிய ஆயுதம்.

கம்பத்துக்காரர்கள் மார்கழி, தையில் ஒரு முறையும் வைகாசி, ஆனியில் ஒரு முறையும் வெட்டி இரண்டு மகசூல் எடுக்கிறார்கள். கடலோரத்தில் ஒரு மகசூலை மட்டும் நம்பி ஆண்டைத் திட்டமிட வேண்டும் என்று நினைக்கிறேன். மார்கழிப் பனியும் பின்மழையும் ஓய்ந்த தை நடுவில் காய்ப்புக் கவாத்து செய்தால், துளிரும் பூவும் மாசி, பங்குனியின் வறண்ட நாட்களில் வரும். ஏறத்தாழ நான்கு மாதத்தில், வைகாசி நடுவாக்கில் பழம் தயாராகும். அக்னி நட்சத்திர வெயிலில் நிறம் சற்று ஏறுமாறாக இருக்கக் கூடும். மழையில் அழுகிய குலையைக் காட்டிலும் நிறம் குறைந்த குலை விற்கும்.

காய்ப்புக் கவாத்தில், பென்சில் பருமனுள்ள, பழுப்பு நிறமாக முற்றிய கிளையில் அடியிலிருந்து நான்கு மொட்டுகளை விட்டு வெட்ட வேண்டும். மெலிந்த, பச்சையான கிளைகளை ஒன்று அல்லது இரண்டு மொட்டுக்குக் குறுக்கினால், அவை அடுத்த முறைக்கான கிளைகளாக வளரும். வெட்டுவாய்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) தடவி, வெட்டிய குச்சிகளையும் இலைகளையும் அன்றே தோட்டத்தை விட்டு அகற்ற வேண்டும், நோய் அடுத்த பருவத்துக்குக் காத்திருப்பது அவற்றில்தான்.

துளிர்த்த மூன்று, நான்கு வாரத்தில் பற்றுக்கம்பிகளைக் கிள்ளி, கிளைகளைக் கம்பியோடு கட்டிப் பரப்ப வேண்டும். பந்தலின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சிவேளையில் வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழ வேண்டும். தரை முழுக்க நிழலாக இருந்தால் இலை கூடுதல், நிழலே இல்லாமல் இருந்தால் குலைகள் வெயிலில் கருகும். காய்கள் பட்டாணி அளவில் இருக்கும்போது நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைக் கத்தரித்து எடுத்தால் மீதிக் காய்கள் பருத்து, இடையில் காற்று புகும். இது பொறுமையான வேலை, வீட்டிலுள்ள எல்லோரும் மாலையில் சேர்ந்து செய்யத் தக்கது.

அறுவடைக்குப் பிறகு கொடிக்குச் சில வாரம் ஓய்வு கொடுத்து, ஆனியில் எல்லாக் கிளைகளையும் ஒன்றிரண்டு மொட்டுக்கு வெட்டி, பழத்தை எதிர்பாராமல் கிளையை மட்டும் வளர்க்கலாம். அடுத்த தையில் காய்க்க வேண்டிய பூமொட்டு இந்தக் கிளைகளின் கணுக்களில் அப்போதே உருவாகிறது. அதற்கு வெயில் வேண்டும் என்பதால், குலை இல்லாத காலம்தானே என்று பந்தலை அடர விட்டுவிடக் கூடாது. ஐப்பசி பிறப்பதற்குள் நீண்டு தொங்கும் கொடிகளைக் கத்தரித்துப் பந்தலின் சுமையைக் குறைத்தால் புயற்காற்று பிடித்து இழுக்க இடமிருக்காது.

அடிச்சாம்பலும் போர்டோ கலவையும்

இலையின் மேல்பக்கம் எண்ணெய் சிந்தியது போன்ற மஞ்சள் புள்ளி, அதற்கு நேர் கீழே வெண்பூசணம் என்றால் அது அடிச்சாம்பல். இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும், நோய் உள்ளே நுழைந்துவிடும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழையைக் கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் இலையைக் காப்பது முன்கூட்டியே தெளித்து வைத்த மருந்து மட்டுமே.

இந்தப் பூசணம் 1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து தோட்டங்களை அழித்தது. போர்டோவை அடுத்த மெடாக் பகுதியில், வழிப்போக்கர் பழம் திருடாதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து சாலையோரக் கொடிகளில் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலைகள் பச்சையாக நின்றதைப் பேராசிரியர் மிலார்டே கவனித்து, சோதனை செய்து, 1885இல் வெளியிட்டார். இன்றும் குடும்பத் தோட்டத்துக்கு மலிவான முதல் காப்பு அதுவே.

ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர். துத்தத்தை 50 லிட்டர் நீரிலும் சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துருவில்லாத ஒரு கத்தியைக் கலவையில் சிறிது நேரம் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இலை பொசுங்கும். கலந்த அன்றே, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை விடும் நாட்களில் இதைத் தொடரலாம். பழம் முதிரும் நாட்களில் நீலக்கறை குலையில் படியும் என்பதாலும், எச்சம் தங்கும் என்பதாலும் அப்போது தவிர்க்க வேண்டும்.

அறுவடை, ஒயின், விற்பனை

பறித்த பிறகு திராட்சை பழுக்காது. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், கையடக்க ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டுச் சாறு விட்டுப் பார்த்து, சர்க்கரை அளவு 18 பிரிக்ஸ் வந்த பிறகே பறிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்தினால் இனிப்பு கூடும். குலைகள் நிறம் மாறத் தொடங்கும்போதே மைனாவுக்கும் வௌவாலுக்கும் வலை போட்டுவிட வேண்டும்.

கலீசியக் குடும்பங்கள் விடியற்காலைக் குளிரில் சிறு பெட்டிகளில் பறித்து, குலை நசுங்காமல் கொண்டுபோய்ப் பிழிந்து, சாற்றைத் தெளியவைத்து, எவர்சில்வர் தொட்டிகளில் 15 முதல் 18 பாகைக்குள் நொதிக்கவிடுகிறார்கள். வெப்பம் ஏறினால் நறுமணம் ஆவியாகிப் போகும். நம் வெயிலில் இதைச் செய்வதற்குக் குளிரூட்டிய தொட்டி இல்லாமல் வழியில்லை. அதற்கும் முன்னதாகச் சட்டம் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படியும், புதுச்சேரியில் 1970ஆம் ஆண்டின் கலால் சட்டப்படியும் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது குற்றம். எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது என்பதைக் கடலூர், புதுச்சேரி இரண்டிலும் நிலம் உள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே 20 செண்ட் வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பழமாகவும் சாறாகவும் விற்பதே என் பரிந்துரை. நல்ல குலைகளை அதிகாலையில் பறித்து அன்றே உள்ளூர்ச் சந்தையிலும் தெரிந்த வீடுகளிலும் கொடுத்துவிடலாம். சிறுத்த, நிறம் குறைந்த, ஆனால் அழுகாத பழங்களைக் காம்பு நீக்கிக் கழுவி, லேசாக நசுக்கி 60 முதல் 65 பாகையில் சிறிது நேரம் சூடாக்கினால் தோலின் நிறம் சாற்றில் இறங்கும். வடிகட்டி ஓரிரு நாள் குளிர்பெட்டியில் வைத்தால் டார்ட்ரேட் உப்பு அடியில் படியும். தெளிந்த மேல்சாற்றை 85 பாகைக்குச் சூடாக்கி, கொதிநீரில் சுத்தம் செய்த புட்டிகளில் சூடு ஆறுவதற்குள் நிரப்பி மூட வேண்டும். விற்பதாக இருந்தால், முதல் புட்டிக்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணையும் தயாரித்த தேதியையும் ஒட்டுச்சீட்டில் அச்சிட்டிருக்க வேண்டும்.